மருந்தைச் சோதிக்கும் கைகளுக்கு ஒரு பகுதிநேரக் கல்லூரி

ஆலத்தூர் சிட்கோ மருந்துத் தொழிற்பேட்டையில் ஒரு தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தின் பொறுப்பில் இருக்கிறேன். ஆள் எடுக்கும்போதெல்லாம் பி.எஸ்சி., எம்.எஸ்சி. வேதியியல் முடித்த பிள்ளைகள் நிறைய வருகிறார்கள். ஹெச்.பி.எல்.சி. எனப்படும் உயர்திறன் திரவ குரோமட்டோகிராஃபி பற்றிக் கேட்டால் தத்துவத்தை மளமளவென்று ஒப்பிக்கிறார்கள். "கருவியில் நீயே சாம்பிள் போட்டிருக்கிறாயாம்மா?" என்று கேட்டதும் பேச்சு நின்றுவிடுகிறது. "காலேஜ்ல மெஷின் இருந்தது மேடம், தொட விடல" என்பவர்கள் சிலர். பாடப்புத்தகப் படத்தைத் தாண்டிப் பார்க்காதவர்கள் பலர்.

எங்கள் பேக்கிங் பிரிவில் ஒரு பெண் வேலை செய்கிறாள். திருப்போரூர் பக்கத்துக் கிராமம். வேதியியலில் முதல் வகுப்பு. அந்தப் பட்டத்தோடு, மாத்திரை அட்டைகளை எண்ணிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிறாள். ஆய்வகத்துக்கும் அவள் நிற்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு தாழ்வாரம்தான். அதைக் கடக்க அவளுக்குக் கருவிப் பயிற்சி வேண்டும். வேலையை விட்டுவிட்டு ஐதராபாத்திலோ பெங்களூரிலோ தங்கிப் படிக்க வீட்டு நிலைமை இடம்கொடுக்காது. "சனி, ஞாயிறுன்னா வந்துடுவேன் மேடம்" என்கிறாள். அப்படியொரு வகுப்பை அவளுக்குக் காட்ட என்னால் முடியவில்லை. மருந்துத் தொழிற்சாலைகள் உள்ள பகுதிகளில் அரசுக் கல்லூரிகள் இந்தப் பயிற்சியைப் பகுதிநேரமாகத் தொடங்க வேண்டும் என்று நான் எழுதுவதற்கு அவளும் அவளைப் போன்றவர்களும்தான் காரணம்.

இந்தக் கருவி என்ன செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பாராசிட்டமால் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மருந்து சரியான அளவில் இருக்க வேண்டும். அட்டையில் 500 மி.கி. என்று போட்டிருந்தால் அதில் 95 முதல் 105 சதவீதத்துக்குள். கூடவே, 4-அமினோஃபீனால் என்ற சிறுநீரகத்துக்குக் கெடுதலான மாசு வரம்பைத் தாண்டாமல் இருக்க வேண்டும். இரண்டுமே புறஊதா ஒளியை உறிஞ்சுபவை என்பதால், ஒளி உறிஞ்சலை மட்டும் அளந்தால் ஒன்றின் கணக்கு மற்றொன்றில் கலந்துவிடும். ஹெச்.பி.எல்.சி.யில் கரைசல் ஓர் எஃகுக் குழல் வழியாக உயர் அழுத்தத்தில் செலுத்தப்படுகிறது. 25 செ.மீ. நீளம், 4.6 மி.மீ. உள்விட்டம், உள்ளே 5 மைக்ரான் சிலிக்கா துகள்கள். ஒவ்வொரு பொருளும் தனக்குரிய நேரத்தில் வெளியே வந்து, திரையில் தனித்தனி பீக்காக எழும்பும். எங்கே எழும்புகிறது என்பது அது என்ன பொருள் என்பதைக் காட்டும். பீக்கின் பரப்பு எவ்வளவு என்பதைச் சொல்லும்.

வேலை அந்தத் திரையில் தொடங்குவதில்லை. முதலில் எடை போட வேண்டும்; தராசில் நடக்கும் பிழையை எந்த மென்பொருளாலும் பிறகு திருத்த முடியாது. கரைப்பானில் சேர்க்கும் உப்புக் கரைசலான பஃபரின் பி.ஹெச். சரிபார்த்து, 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டி, சோனிக்கேட்டரில் வைத்துக் காற்றுக் குமிழிகளை வெளியேற்ற வேண்டும். பிறகு கரைப்பானை ஓடவிட்டு, அடிக்கோடு ஆடாமல் நிற்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். அளவு துல்லியமாகத் தெரிந்த ஸ்டாண்டர்டு கரைசலை வழக்கமாக ஐந்தாறு தடவை செலுத்திப் பார்ப்போம்; பரப்புகளுக்கிடையே மாறுபாடு 2 சதவீதத்துக்குள் இருந்தால்தான் சாம்பிளைத் தொடலாம். வேலை முடிந்ததும் பஃபர் உப்பைத் தண்ணீர் கலந்த கரைப்பானால் கழுவ வேண்டும். அவசரத்தில் நேராக அசிட்டோநைட்ரைலை விட்டால் உப்பு உள்ளேயே படிந்து குழல் அடைத்துக்கொள்ளும். ஒரு நல்ல குழலின் விலை புதிதாகச் சேரும் கெமிஸ்டின் மாதச் சம்பளத்தைவிட அதிகம். பல கல்லூரிகளில் மாணவர்களை இந்தக் கருவிக்கு அருகில் விடாததற்கு இந்தப் பயமும் ஒரு காரணம்.

கைப்பழக்கத்தைவிடக் கடினமான பாடம் ஒன்று உண்டு. பீக்கின் எல்லையை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று கோடு போடும் வேலையை இன்டெக்ரேஷன் என்கிறோம். அந்தக் கோட்டைச் சற்று நகர்த்தினால், தோற்கும் பேட்ச்கூட ஜெயித்துவிடும். வரம்புக்கு வெளியே போன மாசு உள்ளே வந்துவிடும். அமெரிக்க மருந்து ஒழுங்காற்று அமைப்பான எஃப்.டி.ஏ. 2018 டிசம்பரில் வெளியிட்ட தரவு நேர்மை வழிகாட்டுதலில், விரும்பிய முடிவு கிடைக்கும்வரை திரும்பத் திரும்பச் சோதிப்பது கூடாது என்று அழுத்தமாகச் சொல்லியிருக்கிறது. லாரி வாசலில் நிற்கும், மேலாளர் போன் செய்துகொண்டே இருப்பார். அந்த நேரத்தில் "இந்த ரன் செல்லாது, காரணம் கண்டுபிடிக்காமல் ரிசல்ட் தர மாட்டேன்" என்று ஓர் இருபத்திரண்டு வயதுப் பெண் சொல்ல வேண்டுமென்றால், ஏன் செல்லாது என்பது அவளுக்குத் திட்டவட்டமாகத் தெரிந்திருக்க வேண்டும். அரைகுறையாகத் தெரிந்தவளால் எதிர்த்து நிற்க முடியாது.

2025 அக்டோபரில் நம் மாநிலமே தலைகுனிந்தது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு இருந்தது நம் அரசு ஆய்வகத்திலேயே உறுதியானது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1 சதவீதம். அதைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அந்த நஞ்சைக் கண்டுபிடிப்பது வாயு குரோமட்டோகிராஃபியின் வேலை. திரவக் கருவிக்கு அது உடன்பிறப்பு. எந்தக் கருவியானாலும், மூலப்பொருள் உள்ளே வரும் வாசலிலேயே சாம்பிள் எடுத்து, சோதித்து, ‘ஆகாது’ என்று எழுதும் ஆள் வேண்டும். 2023 டிசம்பர் இறுதியில் மத்திய அரசு அறிவித்த, மருந்து விதிகளின் திருத்திய எம் அட்டவணை, தர நடைமுறைகளைச் சிறிய ஆலைகளுக்கும் கட்டாயமாக்கியிருக்கிறது. சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு நீட்டித்துத் தந்த அவகாசமும் 2025 டிசம்பர் 31 வரைதான். கட்டடத்தையும் காற்றோட்டக் கருவிகளையும் கடன் வாங்கியாவது மாற்றிவிடலாம். பயிற்சி பெற்ற ஆய்வாளரைக் கடனுக்கு வாங்க முடியாது.

ஏன் பகுதிநேரம் என்று கேட்பார்கள். இந்தத் தொழிலுக்கு அது பொருத்தமான முறை என்பதுதான் என் பதில். சனிக்கிழமை வகுப்பில் பஃபர் தயாரிக்கக் கற்றவள், திங்கட்கிழமை ஆலையில் அதையே செய்து பார்ப்பாள்; அங்கே முளைத்த சந்தேகத்தோடு அடுத்த சனிக்கிழமை வந்து உட்காருவாள். தமிழ்நாட்டுக்கு இது புதிதும் அல்ல. கோவையில் டிப்ளமோ முடித்து ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் பகுதிநேர பி.இ. படித்துப் பொறியாளர்களாக உயர்ந்தார்கள். பம்புக்கும் மோட்டாருக்கும் கோவை செய்ததை மருந்துக்குச் செங்கல்பட்டும் கடலூரும் ஓசூரும் செய்யலாம்.

செலவைச் சொல்லித்தான் பலர் இதைத் தட்டிக்கழிப்பார்கள். நிறுவனங்கள் மென்பொருள் பழையதாகிவிட்டது என்று நன்றாக ஓடும் கருவிகளை ஓரம்கட்டுகின்றன. அவற்றில் சிலவற்றைச் சர்வீஸ் செய்து கல்லூரிக்குக் கொடுக்கலாம். பாராசிட்டமாலையும் காஃபீனையும் பிரித்துக் காட்ட மெத்தனாலும் தண்ணீரும் போதும், விலை உயர்ந்த அசிட்டோநைட்ரைல் தேவையில்லை. பஃபர் இல்லாத இந்தச் சோதனையில் குழல் அடைபடும் பயமும் குறைவு. ஆசிரியர் பற்றாக்குறைக்கும் வழி இருக்கிறது. தொழில் அனுபவம் உள்ளவர்களைக் கல்லூரிகள் நடைமுறைப் பேராசிரியர்களாக அழைக்கலாம் என்று யு.ஜி.சி. 2022-இலேயே வழிகாட்டுதல் தந்துவிட்டது. "நிறுவனமே பயிற்சி கொடுத்துக்கொள்ளட்டும்" என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். நிறுவனம் தன் கருவியையும் தன் நடைமுறையையும் மட்டும்தான் கற்றுக்கொடுக்கும். அங்கே ஒரு தவறான பழக்கம் இருந்தால் அதையும் சேர்த்தே கற்றுக்கொடுக்கும். கேள்வி கேட்கும் பழக்கத்தை வெளியில் இருக்கும் கல்லூரிதான் தர முடியும்.

ஆறு மாதம், வார இறுதி மட்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு மாதம் கருவியைத் தொடவே வேண்டாம். எடை, கரைசல், பி.ஹெச்., கணக்கு, நோட்டுப் புத்தகத்தில் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவது. அடுத்த மூன்று மாதம் கருவி. கடைசி மாதம் முறை சரிபார்ப்பு, யார் எதை மாற்றினார் என்று காட்டும் ஆடிட் ட்ரெயில் பதிவு, விசாரணை அறிக்கை. கருவி ஒன்றுக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது. ஐந்தாவது ஆள் வேடிக்கைதான் பார்ப்பார்.

தேர்வைப் பற்றி எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. தேறிய குழல்கள் சிலருக்கும், தேய்ந்துபோன குழல்கள் சிலருக்கும் யாருக்கு எது என்று சொல்லாமல் கொடுக்க வேண்டும். தேய்ந்த குழலில் பீக் வால் நீண்டு வரும், ஸ்டாண்டர்டு தேறாது. அதைப் பார்த்து, ரிசல்ட் தராமல் நிறுத்தி, காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போடும் மாணவருக்கு முழு மதிப்பெண். எப்படியோ ஒரு சதவீதத்தை வரவழைத்து நீட்டுபவருக்குச் சான்றிதழ் கிடையாது. அந்தச் சான்றிதழோடு வருபவரை நான் மறுகேள்வி இல்லாமல் எடுத்துக்கொள்வேன்.

உயர்கல்வித் துறை ஒரே ஒரு கல்லூரியில் தொடங்கட்டும். செங்கல்பட்டு அரசு கலைக் கல்லூரியே ஆலத்தூருக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. நான் முதல்வன் திட்டத்தின் கீழ் கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தரும் அரசு, படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்டவர்களையும் அந்தக் கணக்கில் சேர்க்கலாம். கட்டணம் ஒரு பேக்கிங் தொழிலாளியின் சம்பளத்துக்குள் அடங்க வேண்டும்; மிச்சத்தை நிறுவனங்கள் ஏற்க வேண்டும். வகுப்பு தொடங்கினால் ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக்கொடுக்க நான் வருகிறேன். அப்படி வரத் தயாராக இருப்பவர்கள் எங்கள் தொழிற்பேட்டையிலேயே வேறு பலரும் இருக்கிறார்கள். அரசு கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.