துண்டுக்கு மன்னிப்புக் கேட்போம், தெருவுக்குக் கேட்க மாட்டோம்

வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடுகிறவர்களுக்கு எல்லாரும் சொல்லும் அறிவுரை ஒன்றுதான். தங்கிப் போனவர் குறை எழுதினால் கோபப்படாதே. பணிவாக மன்னிப்புக் கேள். அவர் சொன்னதைத் திருத்திக்கொள். அடுத்த முறை ஐந்து ஸ்டார் வரும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தோழர்களே, இந்த அறிவுரையைச் சொல்கிறவர்களின் வாசலில் நின்று எவரும் "நீங்க எந்த ஆளுங்க?" என்று கேட்டதில்லை. பணிந்து போ, எதிர்த்துப் பேசாதே, குறை உன்னிடம்தான் இருக்கும் என்பது நம் பாட்டன் பூட்டனுக்கு ஊர்த்தெருவில் சொல்லப்பட்ட அதே பாடம். இப்போது அது செல்போனில் வருகிறது, அவ்வளவுதான். எதற்கு மன்னிப்பு, எதற்கு மறுப்பு என்று பிரித்துப் பார்க்காத பணிவு நமக்கு ஆகாது.

இதை ஏன் இப்போது பேச வேண்டும்? காஞ்சிபுரத்தைப் பாருங்கள். 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள்கள் அத்திவரதர் தரிசனம் நடந்தது. ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்து போனார்கள். அடுத்த தரிசனம் 2059-இல்தான். ஆனால் கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்களும் கோயில் பார்க்க வருகிறவர்களும் ஆண்டு முழுக்க வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். நகரை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்துக்கும் ஆள் வருகிறது. ஜினகாஞ்சி என்று பேர் பெற்ற ஊர் அது. விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-இல் எழுப்பிய சங்கீத மண்டபத்தையும் அதன் கூரை ஓவியங்களையும் பார்க்க வெளிநாட்டிலிருந்துகூட வருகிறார்கள்.

அந்த ஊரில் நம் வீடு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பட்டுக்கடை வைக்க முதல் இல்லை. நிலம் இல்லை. கடன் வாங்கிக் கட்டிய மாடி அறை ஒன்று இருக்கிறது. வீட்டுக்காரர் அங்கேயே குடியிருந்தால் ஒன்று முதல் ஆறு அறைகள் வரை விருந்தினருக்கு விடலாம் என்று ஒன்றியச் சுற்றுலா அமைச்சகத்தின் திட்டமே இருக்கிறது. படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளை ஏர்பிஎன்பியில் படம் எடுத்துப் போடுகிறாள். முதல் வாடகை வருகிறது. கூடவே முதல் ரிவியூவும் வருகிறது.

அந்த ரிவியூவில் என்ன இருக்கும்? அந்தத் தளம் கேட்கும் கட்டங்களில் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று சுத்தம். இன்னொன்று இடம். சுத்தத்துக்கு எத்தனை ஸ்டார், இடத்துக்கு எத்தனை ஸ்டார்? உலகத்தில் வேறெங்கும் இவை சாதாரணக் கேள்விகளாக இருக்கலாம். இந்த மண்ணில் சாதி என்பதே சுத்தத்தையும் இடத்தையும் வைத்துக் கட்டிய கோட்டை அல்லவா? சுத்தம் என்றால் தீட்டு. இடம் என்றால் ஊரும் சேரியும். ஆயிரம் ஆண்டுகளாக நமக்குப் போட்டுவந்த மதிப்பெண்ணையே இந்த இரண்டு கட்டங்களும் மறுபடி கேட்கின்றன.

குளியலறையில் முடி கிடந்தது என்று ஒருவர் எழுதினால் அது சுத்தத்தைப் பற்றிய குறை. "அறை பரவாயில்லை, ஆனால் அந்த வீட்டில் சாப்பிட மனம் வரவில்லை" என்று எழுதினால் அது என்ன? தெருவிளக்கு இல்லை, இரவில் வழி தெரியவில்லை என்றால் அது இடத்தைப் பற்றிய குறை. "ஏரியா சரியில்லை, எந்தப் பகுதி என்று முன்பே சொல்லியிருக்கலாம்" என்றால் அது என்ன? 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஏன் அறிவிக்க வேண்டியிருந்தது? முகவரியில் அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் முகம் மாறுகிற மனிதர்கள் இருப்பதால்தான். அவர்களும் அறை எடுக்கிறார்கள், ஸ்டார் போடுகிறார்கள்.

"எல்லாவற்றிலும் சாதியைப் பார்க்கிறீர்கள்" என்பார்கள். பார்க்க வைத்தது யார்? 2018-இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் போராடினார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவு செய்யும் வரை போனது. 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரில் காலை உணவைப் பட்டியல் சாதிப் பெண் சமைத்தார் என்பதற்காகப் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. மாவட்ட ஆட்சியரே நேரில் போய் உட்கார்ந்து சாப்பிட்டு எச்சரிக்க வேண்டியிருந்தது. அந்த உணவில் உப்பு கூடியிருந்ததா, குறைந்திருந்ததா என்று அவர்கள் ருசி பார்த்தார்களா? வாயில் வைக்காமலே போட்ட ஒற்றை ஸ்டார் அது.

சாதி இல்லாத நாட்டிலும் இதற்கு ஓர் உருவம் உண்டு. ஹார்வர்டு ஆய்வாளர்கள் நியூயார்க் நகர ஏர்பிஎன்பி வீடுகளை ஒப்பிட்டு 2014-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே தரமுள்ள வீட்டுக்குக் கறுப்பினத்தவரைவிட மற்றவர்கள் சுமார் 12 விழுக்காடு கூடுதல் வாடகை வாங்கினார்கள். வீட்டுக்காரரின் படம் அந்தத் தளத்தில் தெரிந்தது. நம் நாட்டில் முகத்தைப் பார்த்தால் தெரியாததைப் பெயரிலும் தெருவிலும் தோண்டி எடுப்பார்கள். சுகதேவ் தோரட்டும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் 2015-இல் வெளியிட்ட தில்லித் தலைநகர்ப் பகுதி ஆய்வில், வாடகை வீடு கேட்ட தலித்துகளில் ஏறத்தாழ 18 விழுக்காட்டினருக்கும் இஸ்லாமியர்களில் 31 விழுக்காட்டினருக்கும் நேரடியாகவே இல்லை என்றார்கள். வீடு கேட்டாலும் நம்மைத்தான் எடை போடுகிறார்கள். வீடு கொடுத்தாலும் நம்மைத்தான் எடை போடுகிறார்கள்.

அப்படியானால் குறை எழுதியவர் எல்லாரும் சாதி வெறியரா? இல்லை. இதில் நாம் கறாராக இருக்க வேண்டும். ஒழுகும் குழாயை மறைக்கச் சாதியைத் திரையாகப் பிடித்தால், நாளைக்கு உண்மையான வன்மத்தைச் சொல்லும்போது ஒருவரும் நம்ப மாட்டார்கள். ஒரே ஒரு சோதனை போதும். இந்த வாக்கியத்தை ஊர்த்தெருவில் உள்ள வீட்டைப் பற்றி இவர் எழுதுவாரா? எழுதுவார் என்றால் அது துண்டைப் பற்றிய குறை. துண்டை மாற்றுவோம், மன்னிப்பும் கேட்போம். எழுத மாட்டார் என்றால் அது தெருவைப் பற்றிய தீர்ப்பு. அதற்கு மன்னிப்புக் கேட்பது நம் மக்களைக் காட்டிக்கொடுப்பது.

எப்படிப் பதில் சொல்வது? வந்த சூட்டில் எழுதாதீர்கள். ஏர்பிஎன்பியில் பதில் எழுத 30 நாள் அவகாசம் உண்டு. முதல் வேலை ஸ்கிரீன்ஷாட். ரிவியூ, அதற்கு முன் நடந்த குறுஞ்செய்திகள், தேதி, நேரம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். எழுதியவர் அழித்தாலும் சாட்சி நம் கையில் இருக்க வேண்டும். அடுத்து, பாகுபாடு காட்டும் பதிவு என்று தளத்தில் புகார் செய்து நீக்கக் கேளுங்கள். அவர்களுடைய விதியே அதற்கு இடம் தருகிறது.

பிறகு பொதுவில் பதில். இரண்டு மூன்று வரி போதும். "துண்டு ஈரமாக இருந்ததற்கு வருந்துகிறோம், இனி மாற்றுத் துண்டு வைக்கிறோம். எங்கள் தெருவையும் மக்களையும் பற்றி நீங்கள் எழுதியதை ஏற்கவில்லை. இந்த வீட்டில் எவரும் தங்கலாம், சாதி கேட்க மாட்டோம்." அவ்வளவுதான். இது எழுதியவரைத் திருத்துவதற்காக அல்ல. அடுத்து அறை தேடும் நூறு பேர் படிக்கப் போகிறார்கள். அவர்களில் நம் பிள்ளைகளும் இருப்பார்கள். தயங்காமல் போய்த் தங்கலாம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள், கூட்டியும் குறைத்தும் இல்லாமல். பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கோடு அவமதிப்பதும் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)-இன்படி குற்றம். ஆனால் நான்கு சுவருக்குள், வெளியார் எவரும் இல்லாதபோது பேசியது அதில் வராது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொன்னது. 2025 ஜனவரியில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலும் அதையே சொன்னது. அதாவது நம் வீட்டு அறைக்குள் வைத்து ஒருவர் கேவலமாகப் பேசிவிட்டுப் போனால் சட்டம் கை விரிக்கக்கூடும். ஆனால் அதையே இணையத்தில் எழுதினால் நிலைமை வேறு. இணையத்தில் போட்ட அவமதிப்பும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. அவமதிப்பு சாதியைக் காரணமாகக் கொண்டதாக இருக்க வேண்டும், பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி என்பது மட்டும் போதாது என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் வரம்பு போட்டது. "சுத்தமில்லை" என்ற ஒற்றைச் சொல்லை வைத்து வழக்கு நிற்காது. சாதியைச் சொல்லி எழுதியிருந்தால் நிற்கும். அதனால்தான் ஸ்கிரீன்ஷாட் முதல் வேலை என்கிறோம்.

இன்னொரு அறிவுரையும் வருகிறது, நல்லெண்ணத்தோடுதான். "கூடத்தில் இருக்கிற அம்பேத்கர் படத்தை மட்டும் உள்ளே மாட்டிவிடுங்கள், பிரச்சினையே இருக்காது." தோழர்களே, புரட்சியாளர் அம்பேத்கர் 1917-இல் பரோடாவுக்கு வேலைக்குப் போனபோது தங்க இடம் கிடைக்காமல் பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைப் பதிவேட்டில் எழுதித் தங்கினார். கொலம்பியாவில் படித்தவர், லண்டனில் படித்தவர். பதினோராம் நாள் தடிகளோடு கூட்டம் வந்தது. விடுதியைத் தீட்டாக்கிவிட்டாய் என்று சொல்லித் துரத்தியது. பெயரை மறைத்தும் அவருக்குக் கூரை கிடைக்கவில்லை. மறைத்தால் நிம்மதி என்பது நூறு ஆண்டுக்கு முன்பே பொய்த்துப்போன வழி. அன்றைக்குக் கூரை கேட்டவர்கள் நாம். இன்றைக்குக் கூரை நம்முடையது. நம் சுவரில் அவர் இருப்பார். அது பிடிக்காதவர் முன்பதிவை ரத்து செய்துகொள்ளட்டும், நட்டத்தை நாம் தாங்குவோம்.

நட்டம் சிறியதில்லை என்பதும் தெரியும். ஒரு ஸ்டார் குறைந்தால் பட்டியலில் கீழே போவோம். கடன் தவணை நிற்காது. அதனால்தான் இதைத் தனி ஒரு குடும்பத்தின் தைரியமாக விட்டுவிடக் கூடாது என்கிறோம். இங்கே உங்கள் வேலை தொடங்குகிறது. அமெரிக்காவில் செய்த ஒரு கள ஆய்வில், ரிவியூ எதுவும் இல்லாதபோது வெள்ளையர் பெயருள்ள விருந்தினரை 48 விழுக்காட்டு வீட்டுக்காரர்கள் ஏற்றார்கள். கறுப்பினப் பெயருள்ளவரை ஏற்றவர்கள் 29 விழுக்காடு. ஒரே ஒரு நல்ல ரிவியூ சேர்ந்ததும் அது 56-ம் 58-ம் ஆனது. இடைவெளி மறைந்துபோனது. ஒற்றை ரிவியூவுக்கு அவ்வளவு வலு இருக்கிறது. காஞ்சிக்குக் களப்பயணம் வரும் மாணவர்களே, நம் மக்கள் வீட்டில் தங்குங்கள், காசு கொடுத்துத் தங்குங்கள், உண்மையை எழுதுங்கள். பொய்ப் புகழ்ச்சி வேண்டாம். தண்ணீர் வரவில்லை என்றால் வரவில்லை என்றே எழுதுங்கள். "வீட்டுக்காரர் மரியாதையாகப் பார்த்துக்கொண்டார், தெரு அமைதியாக இருந்தது" என்ற ஒரு வரியையும் சேர்த்து எழுதுங்கள்.

தளங்களிடமும் சுற்றுலாத் துறையிடமும் கேட்க வேண்டியது உண்டு. புகார்ப் பட்டியலில் சாதி என்ற காரணம் தனியாக, தமிழில் இருக்க வேண்டும். விசாரித்து முடிக்கும்வரை அந்த ஸ்டாரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இதற்குக் கூட்டாக மனு எழுதுவோம்.

கடைசியாக நம் வாசலைப் பற்றி. 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமை பார்த்துத் தங்கும் விடுதியில் இடம் மறுப்பதைக் குற்றம் என்கிறது. அது நமக்காகப் போராடி வந்த சட்டம். நம் அறைக்கு வரும் இஸ்லாமியரையோ, நம்மிலும் ஒடுக்கப்பட்ட சாதித் தோழரையோ, திருநங்கையையோ "வேற இடம் பாருங்க" என்று அனுப்பினால் அந்தப் பரோடாக் கூட்டத்தின் தடி நம் கைக்கு வந்துவிட்டது என்று பொருள். 'சைவம் மட்டும்' என்ற பலகையின் பொருள் நமக்குத் தெரியும். அப்படி எந்தப் பலகையும் நம் வீட்டில் தொங்கக் கூடாது.

துண்டு வெளுப்பாக இருக்கட்டும். குழாய் ஒழுகாமல் இருக்கட்டும். குறை சொன்னால் கேட்போம், திருத்துவோம். நம் பிறப்புக்கு மதிப்பெண் போட வருகிறவருக்கு மட்டும் மன்னிப்பு கிடையாது, பதில் உண்டு.

ஜெய்பீம்!