பூகம்பத்தின் முதலெண்

பூமி அதிர்ந்ததென்னுஞ் செய்தி வந்த மாத்திரத்தே, அதன் அளவு யாதென வினவுகின்றோம். ஓர் எண் கிடைத்ததும் மனம் அமைதியுறுகின்றது. பேரதிர்ச்சிகளில் அவ்வமைதி தகாதென்பதே எமது கருத்து.

1935-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிற் சார்லஸ் ரிக்டர் என்னும் அறிஞர், பூகம்பமானி வரையும் அலையின் உயரத்தைக்கொண்டு அதிர்ச்சியை எண்ணாற் குறிக்கும் முறையை வகுத்தார். எண் ஒன்று ஏறின், வெளிப்படுஞ் சக்தி ஏறக்குறைய 32 மடங்கு மிகும். பின்வந்தோர், இருபது விநாடிக்கொருமுறை ஏறியிறங்கும் மேற்பரப்பலைகளையும் அவ்வாறே அளந்தனர். ஆயின், பல நூறு கிலோமீட்டர் நீளம் பாறை பிளக்குங்கால், அவ்வலையின் உயரம் 8-ஐச் சற்றுக் கடந்ததும் ஏறாது நின்றுவிடும். எஞ்சிய பெருமையை நெடிய அலைகளே காட்டும். 1960-ஆம் ஆண்டுச் சிலி நாட்டுப் பூகம்பம் முதலில் ஏறக்குறைய எட்டரையென மதிக்கப்பட்டு, பின்னரே 9.5 எனத் தெளியப்பட்டது. பெயர்ந்த பாறையின் பரப்பு, பெயர்ந்த தூரம், பாறையின் விறைப்பு ஆகிய மூன்றையும் பெருக்கிக் காணும் புதிய அளவை 1977-இல் கனமோரி என்பார் நிலைநாட்டியமையே இத்தெளிவிற்குக் காரணம்.

நிற்க. நெடிய அலையை அளக்கக் காலம் வேண்டும், கடலோ காத்திராது. 2004 டிசம்பர் 26-இல் சுமத்ராவருகே பூமி அதிர்ந்த பதினைந்து நிமிடத்தில், ஹவாய்த் தீவின் எச்சரிக்கை நிலையம் 8.0 என்றது; ஒரு மணி நேரத்திற்குப்பின் 8.5 என்றது. ஒன்பதையொட்டிய மதிப்புப் பல மணி நேரங்கழித்தே வந்தது. அதற்குமுன்பே நாகப்பட்டினக் கரையில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அந்நாளில் இந்துமாக்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பே இல்லையென்பதும் உண்மையே. ஆனால் அமைப்பிற் சிறந்த ஜப்பானிலும், 2011 மார்ச் 11-இல் மூன்றாம் நிமிடத்துக் கணக்கு 7.9 ஆகவே இருந்தது, உண்மையளவோ ஒன்பது. சில கரைகளுக்கு மூன்று மீட்டர் அலையே வருமென முதலில் அறிவிக்கப்பட்டது.

அந்நாட்டார் இதனாற் பாடங்கற்றனர். 2013 முதல், பேரதிர்ச்சியென ஐயம் எழுந்தால், முதலறிவிப்பில் அலையின் உயரத்தை எண்ணாற் கூறாது, 'மிகப் பெரிது' என்றே உரைக்கின்றனர். அறியாததை அறிந்ததுபோற் காட்டாத இந்நேர்மையை யாம் போற்றுகின்றோம்.

ஓயாது அச்சுறுத்தினால் மக்கள் நம்பிக்கை இழப்பர் என்பார் உளர். அவ்வச்சம் பொருளற்றதன்று. எனினும், எட்டை எட்டும் அதிர்ச்சிகள் ஆண்டிற்கு ஒன்றிரண்டே. அவற்றிற் பெரும்பாலன கடலடியில் நிகழ்வன. அச்சிலவற்றிற்கேனும் முதலெண்ணோடு 'இதனிற் குறையாது' என்னுஞ் சொல்லைச் சேர்த்துரைத்தல் வேண்டும். நெடுந்தொலைவில் எழும் அதிர்ச்சி நங்கரையில் மெல்லியதாகவே உணரப்படுமாதலின், அறிவிப்போர் சொல்லே நமக்கு முதற்றுணை. 2007 முதல் ஹைதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் இயங்குகின்றது. அங்கிருந்து எச்சரிக்கை வருமாயின், எண்ணைக்குறித்து வாதாடாது மேட்டை நாடுதலே அறிவுடைமை. எண் பின்னர்த் திருத்தப்படும். இழந்த உயிர் திருத்தப்படுமோ?