இசைத்தட்டு சொன்ன முகவரி

அந்தப் பாடகரின் விலாசம் அவருடைய பாட்டிலேயே இருந்தது. 1928-ல் நியூயார்க்கில் பதிவான ஒரு கிராமபோன் தட்டில், அவலான் என்பதுதான் தன் சொந்த ஊர் என்று மிசிசிபி ஜான் ஹர்ட் பாடியிருந்தார். முப்பத்தைந்து வருடம் கழித்து அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்ட வாஷிங்டன் இளைஞர் சிலர் வரைபடத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மிசிசிபி மாநிலத்தில் அப்படி ஓர் ஊரே இல்லை. கடைசியில் 1878-ல் அச்சான ஓர் அட்லஸில், கிரீன்வுட்டுக்கும் கிரெனடாவுக்கும் நடுவே, சின்ன எழுத்தில் அது கிடைத்தது. டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் காரைக் கிளப்பினார். இது நடந்தது 1963-ல்.

ஊர் என்று சொல்வதற்கு அங்கே அதிகமில்லை. ஒரு கடை இருந்தது. ஹாஸ்கின்ஸ் அந்தக் கடையில் போய் விசாரித்தார். இறந்து பல வருடமாயிற்று என்பார்கள், அல்லது அப்படி யாருமே இல்லை என்பார்கள் என்றுதான் எதிர்பார்த்தார். கடையில் இருந்தவர்களோ, அந்த வழியாகப் போய் மேட்டில் ஏறினால் மூன்றாவது தபால் பெட்டி அவருடையதுதான் என்று சாதாரணமாகக் கைகாட்டினார்கள்.

ஹர்ட்டுக்கு அப்போது வயது எழுபது. பண்ணைக் கூலி. சொந்தமாக ஒரு கிதார்கூட இல்லை. தட்டு வெளியிட்ட ஒகே கம்பெனி மந்தத்தில் நொடித்துப்போன பிறகு, பாடகராக அவரை யாரும் தேடி வந்ததில்லை. அவரும் யாரையும் தேடிப் போனதில்லை. வெள்ளைக்கார இளைஞர் ஒருவர் வெளியூர்க் காரில் வந்து இறங்கி, நீங்கள்தானே ஜான் ஹர்ட் என்று கேட்டதும் கிழவருக்கு வந்தது மகிழ்ச்சியல்ல, பயம். எஃப்.பி.ஐ. ஆளோ என்று நினைத்தார். தான் எந்தத் தப்பும் செய்யவில்லையே என்று குழம்பினார்.

இந்தப் பயத்தை வேடிக்கையான துணுக்காகவே இசைப் பத்திரிகைகள் பல ஆண்டுகள் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தன. அது வேடிக்கை அல்ல. கிரீன்வுட்டிலிருந்து சற்றுத் தூரத்தில் ‘மணி’ என்ற சிற்றூர். 1955-ல் பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில், கடைக்கார வெள்ளைப் பெண்ணிடம் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டான் என்று குற்றம் சாட்டப்பட்டு, அங்கிருந்துதான் இரவோடு இரவாகத் தூக்கிச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். விசாரிக்கப்பட்ட இருவரையும் வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி விடுதலை செய்தது. அந்த வட்டாரத்தில் முன்பின் தெரியாத வெள்ளைக்காரர் ஒருவர் கறுப்பர் வீட்டுக் கதவைத் தட்டினால், ‘நான் உங்கள் ரசிகன்’ என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று யார் நம்புவார்கள்?

ஹாஸ்கின்ஸ் தன் கிதாரைக் கொடுத்தார். கிழவர் வாசித்தார். விரல்கள் கொஞ்சம் துருவேறியிருந்தன; ஆனால் தட்டில் கேட்ட அதே மனிதர், அதே மெல்லிய குரல். அந்த ஆண்டே நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவில் ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் ஹர்ட் உட்கார்ந்து பாடினார்.

இந்த ரசிகர்கள் யார் என்று சொல்லியாக வேண்டும். பெரும்பாலும் இருபதைத் தாண்டிய வெள்ளைக்கார மாணவர்கள். அமெரிக்காவின் தெற்கே பருத்தி வயல்களில் வாரத்துக்குப் பயிரிட்ட கறுப்பர்களின் பாட்டு ‘ப்ளூஸ்’. ஒருவர், ஒரு கிதார், அவ்வளவுதான். 1920-களில் கம்பெனிகள் இதைத் தட்டில் பிடித்துக் கறுப்பர்களுக்கே விற்றன. மந்தம் வந்ததும் விட்டுவிட்டன. இவற்றில் பாரமவுன்ட் கம்பெனியின் கதை தனி. அது விஸ்கான்சினில் நாற்காலி செய்த ஒரு மரச்சாமான் கம்பெனியின் துணைத்தொழில். கிராமபோன் பெட்டி செய்தார்கள். பெட்டி விற்க வேண்டுமானால் தட்டு வேண்டும் என்று தட்டும் போட்டார்கள். பாடியவருக்கு ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ராயல்டி என்ற பேச்சே இல்லை. பிறகு தட்டுகள் பரணுக்கும் பழைய சாமான் கடைக்கும் போயின. 1952-ல் ஹாரி ஸ்மித் என்ற சேகரிப்பாளர் தன்னிடமிருந்த பழைய தட்டுகளிலிருந்து ஒரு தொகுப்பு வெளியிட்டார். ஹர்ட்டின் இரண்டு பாடல்களும் அதில் இருந்தன. கல்லூரி விடுதிகளில் அந்தத் தொகுப்பு தேய்ந்தது. பாடியவர்களைப் பற்றிப் பெயருக்கு மேல் ஒன்றும் தெரியாததால், அவர்கள் புராண காலத்து மனிதர்கள் ஆனார்கள்.

ஹர்ட் கிடைத்த செய்தி பரவியதும் மற்றவர்களுக்கும் பொறி தட்டியது. கலிபோர்னியாவில் ஜான் ஃபேஹியும் எட் டென்சனும் இன்னும் சோம்பேறித்தனமான வழியைக் கையாண்டார்கள். புக்கா ஒயிட் என்ற பாடகர் அபர்டீன் என்ற ஊரைப் பற்றிப் பாடியிருந்தார். ‘புக்கர் டி. வாஷிங்டன் ஒயிட், பழைய ப்ளூஸ் பாடகர், அபர்டீன், மிசிசிபி’ என்று விலாசம் எழுதிக் கடிதத்தைத் தபாலில் போட்டார்கள். தபால் இலாகா அந்தக் கடிதத்தை மெம்பிஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒயிட்டிடம் கொண்டு சேர்த்துவிட்டது.

1964 கோடையில் இரண்டு கோஷ்டிகள் தெற்கே இறங்கின. ஃபேஹி, பில் பார்த், ஹென்றி வெஸ்டைன் மூவரும் தேடியது ஸ்கிப் ஜேம்ஸை. நிக் பெர்ல்ஸ், டிக் வாட்டர்மன், ஃபில் ஸ்பைரோ மூவரும் தேடியது சன் ஹவுஸை. ராபர்ட் ஜான்சனும் மடி வாட்டர்ஸும் யாரைப் பார்த்துக் கற்றார்களோ, அந்த சன் ஹவுஸ்.

சன் ஹவுஸ் கோஷ்டியை இழுத்தது ஒரு வதந்தி. மெம்பிஸில் சினிமாக் கொட்டகையிலிருந்து அவர் வெளியே வந்ததை யாரோ பார்த்தார்களாம். பெர்ல்ஸின் வோக்ஸ்வேகன் காரில் கிளம்பினார்கள். மெம்பிஸில் ஆள் இல்லை. பழைய ப்ளூஸ்காரரும் பிறகு பாதிரியாராகிவிட்டவருமான ராபர்ட் வில்கின்ஸ் வழிகாட்டியாகக் கூடவே வந்தார். மிசிசிபியில் ஒவ்வொரு ஊராக விசாரித்து, ஒரு சொந்தக்காரரிடமிருந்து இன்னொருவருக்கு என்று தொடர்ந்து, கடைசியில் கிடைத்தது ஒரு டெலிபோன் தொடர்பு. சன் ஹவுஸ் இருபது வருடத்துக்கு மேலாக நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் இருந்தார். ஒரு நாள் கார்ப் பயணத்தில் போய்ச் சேரக்கூடிய ஆளைத் தேடித்தான் நாட்டின் மறுகோடிக்குப் போயிருந்தார்கள்.

அவரோடு தொலைபேசியில் பேசிய நாள் 1964 ஜூன் 21. அதே நாள் அதே மிசிசிபியில், ஃபிலடெல்ஃபியா என்ற சிற்றூருக்கு அருகே, இன்னொரு காரில் போன இன்னொரு மூவர் காணாமல் போனார்கள். கறுப்பர்களை வாக்காளர்களாகப் பதிவு செய்யும் அந்தக் கோடை இயக்கத்தில் இருந்த ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர். ஒருவர் உள்ளூர்க் கறுப்பர்; மற்ற இருவர் நியூயார்க் வெள்ளையர். கூ க்ளக்ஸ் க்ளான் ஆட்கள் அவர்களைச் சுட்டுக் கொன்று புதைத்தார்கள். ஆகஸ்ட் 4-ம் தேதிதான் உடல்கள் கிடைத்தன. வெளியூரிலிருந்து வந்து கறுப்பர் வீடுகளில் விசாரித்துக்கொண்டு திரியும் வெள்ளை இளைஞர்கள் ஓட்டுக்காக வந்தார்களா, பாட்டுக்காக வந்தார்களா என்று க்ளான் பிரித்துப் பார்த்திருக்காது. வோக்ஸ்வேகன் பத்திரமாக வடக்கே திரும்பியது அதிர்ஷ்டம்.

ஜூன் 23-ம் தேதி ராச்செஸ்டர். வீட்டுப் படிக்கட்டில் ஒல்லியான ஒருவர் உட்கார்ந்திருந்தார். சன் ஹவுஸ் எங்கே என்று கேட்டார்கள். தேடி வந்தது அவரைத்தான். தான் பாடிய தட்டுகளைத் தேடி ஒரு கூட்டம் அலைகிறது என்பதே அவருக்குத் தெரியாது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்ந்தவர். கூட வாசித்த நண்பர் வில்லி பிரவுன் இறந்த பிறகு கிதாரைத் தொடவில்லை. குடி நிறைய, கை நடுங்கியது. 1930-ல் பாரமவுன்டுக்காகப் பாடிய பாட்டுகள் அவருக்கே மறந்துபோயிருந்தன.

இங்கேதான் இந்தக் கதையின் விசித்திரமான பகுதி வருகிறது. பாஸ்டன் பக்கத்து இளைஞர் ஆலன் வில்சன் (பின்னால் ‘கேன்ட் ஹீட்’ குழுவில் பிரபலமானவர்) சன் ஹவுஸின் பழைய பதிவுகளை மனப்பாடமாக வைத்திருந்தார். அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். இருபத்தொரு வயதுப் பையன் அறுபத்திரண்டு வயது மனிதருக்கு, சன் ஹவுஸ் மாதிரி எப்படி வாசிப்பது என்று சொல்லிக்கொடுத்தான். 1930-ல் இந்த இடத்தில் நீங்கள் இப்படி வாசித்தீர்கள், 1942-ல் இப்படி மாற்றினீர்கள் என்று. சன் ஹவுஸ் தன்னையே திரும்பப் பாடம் பண்ணிக்கொண்டார். 1965-ல் கொலம்பியாவுக்காக அவர் பதிவு செய்த இசைத்தொகுப்பு அபாரமானது. அதைக் கேட்டால் வில்சன் செய்தது புண்ணியம் என்றே தோன்றும். ஆனால் அந்த இளைஞர்கள் பார்க்க வந்தது படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவரை அல்ல. முப்பத்துநான்கு வருடத்துக்கு முந்தைய ஒருவரை. அவர் இல்லாததால், இருந்தவரைக் கொண்டு அவரைச் செய்துகொண்டார்கள்.

ஸ்கிப் ஜேம்ஸ் இதற்கு அவ்வளவு சுலபமாக வளைந்துகொடுக்கவில்லை. ஃபேஹி கோஷ்டி அவரைக் கண்டது டூனிகா என்ற ஊரின் ஆஸ்பத்திரிக் கட்டிலில். 1931 பிப்ரவரியில் பாரமவுன்டுக்காகப் பாடியவற்றில் கிடைத்திருப்பவை பதினெட்டுப் பாட்டுகள். மந்தத்தில் தட்டுகள் விற்கவில்லை. மனிதர் வெறுத்துப்போய் மதப் பிரசங்கத்துக்குப் போய்விட்டார். தன் மேதைமையைப் பற்றி அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. முப்பது வருடம் தாமதமாக வந்து அதைக் ‘கண்டுபிடித்த’ பையன்களிடம் நன்றி சொல்லிக் குழைய வேண்டிய அவசியமும் தெரியவில்லை. அவருக்கும் ஃபேஹிக்கும் முதலிலிருந்தே ஒத்துப்போகவில்லை. அதை ஃபேஹி பின்னாளில் மறைக்காமல் எழுதினார். ரசிகர் என்ற ஜாதி இதைச் சாதாரணமாக ஒப்புக்கொள்வதில்லை. இவ்வளவு தூரம் வந்தோமே, கிழவர் ஒரு வார்த்தை அன்பாகப் பேசக்கூடாதா என்ற ஆதங்கம் ஃபேஹிக்கு இருந்திருக்கலாம். ஆனால் யார் யாரைக் கூப்பிட்டார்கள்?

அந்த ஜூலையிலேயே ஜேம்ஸ் நியூபோர்ட் மேடையேறினார். உச்சஸ்தாயியில் அந்தக் குரல் எழுந்தபோது கூட்டம் அசந்துபோனது. உடம்பு மட்டும் ஒத்துழைக்கவில்லை. புற்றுநோய். வாஷிங்டன் ஆஸ்பத்திரியில் கிடந்த அனுபவத்தையே ஒரு பாட்டாகக் கட்டிப் பாடினார். கச்சேரிகளில் வந்தது சொற்பம். பணம் வந்தது வேறு திசையிலிருந்து. எரிக் கிளாப்டன் இருந்த ‘க்ரீம்’ என்ற பிரிட்டிஷ் குழு 1966-ல் ‘ஐ ஆம் ஸோ க்ளாட்’ என்ற ஜேம்ஸின் பாட்டைத் தங்கள் முதல் தொகுப்பில் வாசித்து, ஆசிரியர் என்று அவர் பெயரையே போட்டார்கள். அந்த ராயல்டி அவருடைய சிகிச்சைக்கு உதவியது. தேடிப் போகாதவர்கள் செய்த உதவி. ஜேம்ஸ் 1969 அக்டோபரில் இறந்தார்.

போனவர்களில் கடைசிவரை கணக்கு தீர்த்தவர் டிக் வாட்டர்மன் என்றுதான் சொல்ல வேண்டும். பத்திரிகைக்காரராகவும் புகைப்படக்காரராகவும் போனவர், ராச்செஸ்டரிலிருந்து திரும்பும்போது ஒரு பாடகரின் மேனேஜர். சன் ஹவுஸுக்குக் கச்சேரி பிடிப்பது, மேடையேறும்வரை குடிக்காமல் பார்த்துக்கொள்வது, பணத்தை எண்ணி வாங்கிக் கொடுப்பது என்று புறப்பட்ட வேலை, பழைய ப்ளூஸ்காரர்கள் பலருக்காக ஒரு ஏஜென்சியாக வளர்ந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் ‘அவலான்’. ஆர்தர் க்ரூடப் என்ற பாடகரின் பாட்டைத்தான் எல்விஸ் பிரஸ்லி 1954-ல் தன் முதல் தட்டில் பாடினார். க்ரூடப்புக்கு வரவேண்டிய பணம் வரவே இல்லை. வாட்டர்மன் வருடக்கணக்காக அதற்காக மல்லுக்கட்டினார். க்ரூடப் 1974-ல் வெறுங்கையோடுதான் செத்தார். வாரிசுகளுக்குப் பிறகு பணம் வந்து சேர்ந்தது. ஆட்டோகிராஃப் வாங்குவதைவிட இது அலுப்பான வேலை; இதை யாரும் புராணமாகச் சொல்வதில்லை.

ஹர்ட்டின் விஷயத்தில் கணக்கு அவ்வளவு சுத்தமாக இல்லை. கண்டுபிடித்தவர்களே ஒரு கம்பெனி வைத்து அவரோடு ஒப்பந்தம் போட்டார்கள். பங்கீட்டில் கசப்பு வந்தது. அவர் மறைந்த பிறகு விவகாரம் கோர்ட்டுக்கும் போனது. பார்த்தவர்கள் எல்லாம் சாது, சிரித்த முகம் என்று சொன்ன மனிதர் அவர். வாஷிங்டனில் காப்பிக் கடை மேடைகளில் பாடினார், டெலிவிஷனில் தோன்றினார். மூன்று வருடத்தில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் ஊர்ப்பக்கமே திரும்பிவிட்டார். 1966 நவம்பர் 2-ம் தேதி கிரெனடாவில் காலமானார்.

அவர் வாழ்ந்த சின்ன மரவீட்டைக் குடும்பத்தார் பின்னால் அருங்காட்சியகமாக்கினார்கள். பழைய அட்லஸ் தேவைப்படாமலே அங்கே ரசிகர்கள் வந்துகொண்டிருந்தார்கள். 2024 பிப்ரவரியில் அந்த வீடு தீப்பிடித்து எரிந்துபோயிற்று.