கோவிந்தனுக்கும் ஒரு பக்கம் வேண்டும்

வரலாறு கட்டாயப் பாடமா, விருப்பப் பாடமா? 2025 ஜூலையில் இலங்கையில் புதிய கல்விச் சீர்திருத்தம் பேச்சுக்கு வந்ததும் எழுந்த சண்டை இது. வரலாறு நீக்கப்படாது என்று அரசாங்கம் உறுதி சொன்ன பிறகும் சூடு தணியவில்லை. பாடத்தைக் காப்பாற்ற எத்தனையோ பேர் வரிந்து கட்டினார்கள். அந்தப் பாடத்துக்குள் யார் இருக்கிறார்கள், யாரை வெளியே நிறுத்தியிருக்கிறோம் என்ற கேள்வி மட்டும் என் காதில் விழவில்லை.

நான் தெமட்டகொடையில் ரயில்வே யாட்டுக்குப் பக்கத்தில் இருப்பவன். அடுத்த வீட்டுப் பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். சுதந்திரத்துக்கு உழைத்தவர்களைச் சொல்லு என்றால் டி.எஸ். சேனாநாயக்க, அநகாரிக தர்மபால, இராமநாதன், அருணாசலம், டி.பி. ஜாயா என்று மூச்சு விடாமல் ஒப்பிக்கிறாள். “கோவிந்தன்? கந்தசாமி?” என்று கேட்டேன். விரலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “அப்பிடி ஒரு பேரும் நாங்க படிக்கல்ல மாமா.” கந்தசாமி சுடப்பட்டு விழுந்தது அவள் தினமும் பள்ளிக்கூட பஸ் ஏறும் இதே தெமட்டகொடையில்.

1947 ஜூன் 5. பொது வேலைநிறுத்தம் கொழும்பை உலுக்கிக்கொண்டிருந்த நேரம். தொழிலாளரோடு அரசாங்க எழுதுவினைஞர்களும் இறங்கியிருந்தார்கள். ஊர்வலத்தின் மீது பொலிஸ் சுட்டது. எழுதுவினைஞர் வி. கந்தசாமி உயிரிழந்தார். அவருடைய சங்கத்தின் தலைவர் டி.பி. இலங்கரத்னவின் வேலை போனது. ஜூன் 18ஆம் திகதி, இலங்கைக்கு முழுப் பொறுப்பாட்சி தரப்படும் என்று பிரிட்டிஷ் அரசாங்கம் அறிவித்தது. இடையில் இருப்பவை 13 நாட்கள். இந்த 13 நாட்களை எனக்குத் தெரிந்த எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், இன்னும் சொல்வேன். சுதந்திரம் கனவான்களின் பேச்சுவார்த்தை மேசையில் பிறந்தது என்பார்கள். அந்த மேசைக்கு அடியில் நெருப்பு மூட்டியவன் தொழிலாளி.

கந்தசாமி இந்த மண்ணில் உரிமை உள்ளவர் என்பதையாவது எவரும் மறுக்கவில்லை. கோவிந்தனின் ஆட்களான இந்தியத் தமிழ்த் தோட்டத் தொழிலாளருக்கு அதுவும் இல்லை. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தபோது பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியானவர் கோவிந்தன். விசாரணை ஆணைக்குழுவின் முன் சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா தொழிலாளர் பக்கம் நின்று வாதாடினார். அடுத்த சில மாதங்களில் வேலைநிறுத்தம் ஊவா தோட்டங்களுக்கும் பரவியது. கட்சித் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். 1942 ஏப்ரலில் கண்டியில் சிறையுடைத்துக்கொண்டு இந்தியாவுக்குப் போய், அங்கே வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் தலைமறைவாக வேலை செய்தார்கள். கடலுக்கு இந்தப் பக்கத்துத் தலைவன் அந்தப் பக்கம் போராடினால் தியாகி. அந்தப் பக்கத்துத் தொழிலாளி இந்தப் பக்கம் போராடினால் வந்தேறியா?

கொழும்பிலும் கதை இதுதான். 1920களில் ஏ.ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கத்தில் அவருக்கு வலக்கையாக நின்றவர் தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர். வேலை குறைந்த காலம் வந்ததும் அதே குணசிங்க மலையாளத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பினார். 1939இல் அரசாங்கத்தின் நாட்கூலி வேலைகளிலிருந்து இந்தியரை நீக்க முடிவானது. பந்தியில் இருந்தவனை எழுப்பிவிடும் வேலை அப்போதே தொடங்கிவிட்டது.

எழுப்பியது முழுதாக முடிந்தது 1948, 1949இல். 1946 குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் 7,80,000க்கு மேல், நாட்டின் 11.7 வீதம். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸிலிருந்து எழுவர் பாராளுமன்றம் போனார்கள். சுதந்திரம் கிடைத்த ஆண்டிலேயே அவர்களின் குடியுரிமையைப் பறித்த 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் அந்த எழுவரின் இடத்தில் ஒருவரும் இல்லை. 2012 கணக்கில் இந்தியத் தமிழர் 4.1 வீதம். 11.7 எப்படி 4.1 ஆனது என்று ஒரு கணித ஆசிரியராவது வகுப்பில் கேட்கட்டும்.

அவர்கள் கூலிக்காகத்தான் போராடினார்கள், சுதந்திரத்துக்காக அல்ல என்று வாதிடுகிறவர்கள் உண்டு. தோட்டம் வெள்ளைக்காரக் கம்பனிக்கு, பொலிஸ் வெள்ளைக்கார ஆட்சிக்கு, சட்டம் லண்டனுக்கு. இதில் கூலி எது, சுதந்திரம் எது என்று பிரித்துக் காட்டுங்கள். 2003இல் குடியுரிமை கொடுத்தாயிற்றே, இன்னும் என்ன என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. பறித்த பொருளை 55 ஆண்டு கழித்துத் திருப்பிக் கொடுத்தவனுக்கு யாரும் மாலை போடுவதில்லை.

மலாயாவைப் பாருங்கள். அங்கே ரப்பர் பால் வெட்டிய தமிழர் 1943இல் சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள். கப்டன் லட்சுமி தலைமையேற்ற ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்கள் துப்பாக்கி ஏந்தினார்கள். பலர் இந்திய மண்ணைக் கண்ணாலும் கண்டதில்லை. ஆனாலும் இந்தியா அவர்களைத் தன் போராட்டத்தின் பங்காளிகளாக ஏற்றது. அந்த இராணுவத்தினருக்குச் சுதந்திரப் போராட்ட வீரர் ஓய்வூதியம் கொடுத்தது. அந்தப் படையிலிருந்த மலாயாப் பெண் ஜானகி ஆதிநாகப்பனுக்கு 2000ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ கொடுத்தது. கடல் தாண்டி இருந்து போராடியவர்களைத் தேடிப் பிடித்து மதித்தது அந்த நாடு. லயத்துக் காம்பராவில் நம்மோடு இருந்து, பிரட்டுக்களத்தில் நம் எதிரியை எதிர்த்து நின்றவர்களின் வாக்குச்சீட்டைப் பிடுங்கியது நம் நாடு.

அன்று அந்த வாக்குகள் பறிபோகாமல் இருந்திருந்தால் 1956இன் தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறியிருக்காது. 1983இன் இனக்கலவரமும் வந்திருக்காது. இந்த நாடு பட்ட பாட்டுக்கெல்லாம் முதல் வெட்டு 1948இல் தோட்டத் தொழிலாளியின் கழுத்தில் விழுந்தது. இதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை.

ஆகவே வரலாற்றுக்காகக் குரல் கொடுத்தவர்களிடம் கேட்கிறேன். முல்லோயாவுக்கும் தெமட்டகொடைக்கும் பாடநூலில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெப்ரவரி 4ஆம் திகதி கொடியேற்றும்போது கோவிந்தன் பெயரையும் கந்தசாமி பெயரையும் ஒருமுறை உரக்கச் சொல்லுங்கள். அதைச் செய்ய மனமில்லாதவர்களுக்கு அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் வரலாற்றைக் கட்டாயம் படி என்று சொல்ல உரிமை கிடையாது.