மச்சினன் காரை இறக்கப்போன கதை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் மச்சினன் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். முகத்தில் பரீட்சையில் கோட்டைவிட்ட களை.

"வளைவுல கார் படகு மாதிரி சாயுது அத்தான். ஸ்பிரிங்கை மாத்தி வண்டியை நாலு சென்டிமீட்டர் இறக்கப்போறேன்."

பையனுக்கு வயசு 27. சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை. செகண்ட் ஹாண்டில் வாங்கிய ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. வைத்திருக்கிறான். 2022-ல் போலோவை நம் நாட்டில் நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து அதை வைத்திருப்பவர்கள் குலதெய்வம் மாதிரி காபந்து பண்ணுகிறார்கள். வாரத்தில் ஐந்து நாள் ஓ.எம்.ஆர். டிராஃபிக்கில் ஊர்ந்து ஆபீஸ் போவான். எப்போதாவது ஒரு ஞாயிறு, டிராக்கில் பணம் கட்டி 3.7 கிலோமீட்டரைச் சுற்றிச் சுற்றி வந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருவான்.

"நீங்க சொன்னா கேப்பான்" என்றாள் மனைவி. இந்த வீட்டில் நான் சொல்லி யாரும் எதையும் கேட்டதாக ரெக்கார்டு இல்லை. இருந்தாலும் பி.காம். படித்தவன் ஆயிற்றே, வரவு செலவு போட்டுப் பார்ப்போம் என்று கூடவே கிளம்பினேன்.

முதலில் ஊருக்கு வெளியே ஒரு ஷெட். மெக்கானிக் காருக்கு அடியில் எட்டிப் பார்த்துவிட்டு, "புது ஸ்பிரிங் எதுக்கு சார்? இருக்கறதுலயே ஒண்ணரை சுத்து வெட்டிரலாம். டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள ரெடி" என்றார். பேன்ட்டைக் குட்டையாக்கும் தையல்காரரின் அதே தொனி.

நான் டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆறு சுற்று ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்றை வெட்டினால் உயரம் மட்டும் குறைவதில்லை. மிச்சமிருக்கும் நாலரைச் சுற்றின் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். பழைய ஷாக் அப்சார்பரால் அந்தத் துள்ளலை அடக்க முடியாது. வெட்டிய முனை தன் இடத்தில் ஒழுங்காக உட்காராது. வேகமாகப் போகும்போது சக்கரம் ஒரு பள்ளத்தில் தொங்கி, லூசான ஸ்பிரிங் இடம் மாறினால்... வேண்டாம், அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை.

சரி, ஐபாக், ஹெச் அண்ட் ஆர் என்று ஜெர்மன் கம்பெனிகள் இதற்கென்றே ஸ்பிரிங் செய்கின்றன. அதைப் போட்டால்? பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டோம்.

வரவு: வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரத்திலிருந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்கு எடை மாறுகிறது. எவ்வளவு மாறும் என்பது காரின் எடை மையம் எத்தனை உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இந்த சைஸ் கார்களில் அது தரையிலிருந்து அரை மீட்டர் சொச்சம். 3 செ.மீ. இறக்கினால் ஐந்தாறு சதவீதம் லாபம். அவ்வளவுதான்!

செலவு: சக்கரம் மேலே எழும்ப ஸ்பிரிங்குக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்கள். அதுதான் காரின் பேங்க் பேலன்ஸ். 4 செ.மீ. இறக்கினால், கணக்கு தொடங்கிய அன்றே நாலு சென்டிமீட்டரை வித்டிரா பண்ணியாகிவிட்டது. அப்புறம் ஒரு பெரிய பள்ளம் வந்து செக்கை நீட்டினால் பவுன்ஸ்தான். செக்கும், காரும்!

இன்னொரு கூத்து. போலோவின் முன் சஸ்பென்ஷனில் காரை இறக்கினால் கீழே இருக்கும் ஆர்மின் சாய்வு மாறி, கார் எந்தப் புள்ளியை ஒட்டிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, எடை மையத்தைவிட அதிகமாகக் கீழே போய்விடும். அதாவது, தாழ்த்திவிட்டு ஸ்பிரிங்கைப் போதிய விறைப்பாக்காவிட்டால், சாய்வு குறைவதற்குப் பதில் கூடக்கூடச் செய்யலாம். ஆகவே கடையில் "எத்தனை இறங்கும்?" என்று கேட்பதற்கு முன்னால் "எத்தனை விறைப்பு?" என்று கேளுங்கள். கம்பியின் கனம் 10 மி.மீ.யிலிருந்து 11 ஆனாலே, மற்றதெல்லாம் அப்படியே இருக்க, விறைப்பு 46 சதவீதம் ஏறும்.

அப்புறம் ஜாதகப் பொருத்தம். விறைப்பு ஒரே சீராக இருக்கும் ஸ்பிரிங், டிராக்கில் நம்பகமானது. ஒரு முனையில் சுற்றுகள் நெருக்கமாக இருந்து, அமுக்க அமுக்க விறைப்பு ஏறும் ஸ்பிரிங், ஆபீஸ் போகிறவருக்கு இதமானது. எதுவானாலும் அதற்குத் தோதான ஷாக் அப்சார்பர் வேண்டும். முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்தே தீர வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வேறு இருக்கிறது. இன்ஷூரன்ஸ்காரரிடம் முதலிலேயே எழுத்தில் கேட்டுவிடுவது உத்தமம்.

ரோடு? இந்திய சாலை காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். எங்கள் தெருவில் இருப்பது, யாரோ வீடு கட்டி மிச்சமான கான்கிரீட்டைப் படுக்கவைத்த தடை. அதற்கு விதி தெரியாது.

இவ்வளவு சொல்லியும் பையன் அசையவில்லை. "மூணு சென்டிமீட்டராவது?" என்று பேரத்துக்கு வந்தான்.

அன்றைக்கு என் மாமியாரைச் செக்கப்புக்கு அழைத்துப்போக வேண்டியிருந்தது. போன வருஷம் அவருக்கு இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன். தாழ்வான இடத்தில் உட்காரக் கூடாது, மூட்டு நழுவிவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அதனால் கார் சீட்டில் எப்போதும் ஒரு குஷன். அப்படியும் கதவைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, மெல்லத்தான் உட்காருவார்.

வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தவனிடம், "அந்த குஷன் எத்தனை உயரம்டா?" என்றேன்.

ஸ்கேல் எடுத்து வந்து அளந்தான். நாலு சென்டிமீட்டர்.

அவன் ஒன்றும் பேசவில்லை. மாமியார்தான் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, "எனக்காக நிறுத்தாதடா கண்ணா. நான் ஆட்டோல போய்க்கறேன். அதுல சீட்டு உசரம்தான்" என்றார். இதைவிடத் திட்டியிருக்கலாம்.

ஸ்பிரிங் பணத்தில் நல்ல டயர் நாலு, பிரேக் பேட், புது பிரேக் ஆயில் வாங்கினான். மிச்சத்தில் ஷாக் அப்சார்பர் மாற்றினான். கார் அதே உயரத்தில் நிற்கிறது.

போன ஞாயிறு மறுபடி இருங்காட்டுக்கோட்டை. ராத்திரி துள்ளிக்கொண்டு வந்தான். "அம்மா, ஒரு ரவுண்டுக்கு நாலு செகண்ட் குறைஞ்சிருக்கு!"

மாமியார் நிமிர்ந்து பார்த்தார்.

"நாலு செகண்டா? அதுக்கு நாலு செகண்ட் முன்னாடியே கிளம்பியிருக்கலாமேடா!"