கொடைக்கானலுக்கு மணியும் வரலாமா?



சில வாரங்களுக்கு முன் தொடக்கநிலை ஐந்து மாணவர்களை 'ஆண்டிறுதி விடுமுறையில் நான் செல்ல விரும்பும் இடம்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். காத்தோங்கில் வசிக்கும் மாணவி ஒருத்தி கொடைக்கானலைப் பற்றி எழுதியிருந்தாள். ஏரி, படகு, குளிர், பாட்டி வீட்டிலிருந்து புறப்பட்டு ஏறும் மலைப்பாதை என எல்லாம் அழகாக வந்திருந்தன. ஒவ்வொரு பத்தியிலும் 'மணி' என்ற பெயரும் இருந்தது. மணி அவள் வீட்டு நாய். "மணி வர முடியாது என்றால் நானும் போகமாட்டேன்" என்று கட்டுரையை முடித்திருந்தாள்.

ஒற்றுப்பிழைகளைத் திருத்திக்கொண்டே வந்த நான் அந்த வரியில் சற்று நின்றுவிட்டேன். பின்னர் அவளுடைய தாயாரைச் சந்தித்தபோது பேச்சுவாக்கில் கேட்டேன். பயணச்சீட்டுகள் வாங்கியாயிற்று, மணியை என்ன செய்வது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை என்றார். இது அந்த ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. ஆகவேதான் இதை எழுத விழைகிறேன்.

முதலில், மணி கொடைக்கானலுக்குப் போக முடியுமா என்று பார்ப்போம். மதுரை ஆட்சியராகப் பணியாற்றிய வெரே ஹென்றி லெவிஞ்ச் 1863ஆம் ஆண்டில் ஓடைகளைத் தடுத்து உருவாக்கியது அந்த ஏரி. சுற்றுப்பாதை ஏறத்தாழ 5 கிலோமீட்டர். ஊர் இருப்பதோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில். நாயுடன் காலை நடை போவதற்கு இதைவிட நல்ல இடம் வேண்டுமா என்று தோன்றும். தமிழ்நாட்டிலேயே வாழும் குடும்பம் ஒன்று தன் நாயைச் சொந்த வண்டியில் அங்கே அழைத்துச் செல்ல முடியும். 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த இ-பாஸ் பெறுவது, நாயை ஏற்கும் விடுதியை முன்கூட்டியே உறுதிசெய்வது, தெருநாய்களும் ஊருக்குள் வரும் காட்டெருமைகளும் இருப்பதால் கயிற்றை விடாமல் பிடிப்பது ஆகியவற்றைக் கவனித்தால் போதும்.

நம் நிலை வேறு. சுற்றுலாப் பயணியின் நாயை இந்தியா எளிதில் உள்ளே விடுவதில்லை. அதைவிடக் கடினம் திரும்பி வருவது. சிங்கப்பூரில் 1953ஆம் ஆண்டுக்குப் பிறகு வெறிநாய்க்கடி நோய் இல்லை. இந்தியாவில் அந்நோய் இன்றும் உயிர்களைக் கொள்கிறது. எனவே அங்கிருந்து வரும் நாய்க்குத் தடுப்பூசி, குருதியில் எதிர்ப்பாற்றல் போதுமா என்று காணும் பரிசோதனை, இறக்குமதி உரிமம், வந்திறங்கியபின் தனிமைப்படுத்தல் ஆகிய எல்லாம் தேவை. கிருமி உடலில் புகுந்து வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில், அறிகுறியின்றி இருக்கக்கூடும். நலமாகத் தோன்றும் நாயையும் காத்திருக்க வைப்பது அதனால்தான். கேமரன் மலைக்குக் காரிலேயே போய்விடலாமே என்று எண்ணுவோருக்கும் இதே விடைதான். மலேசியாவில் 2015இலும், சரவாக்கில் 2017இலும் அந்நோய் மீண்டும் தலைகாட்டியது. எல்லையைக் கடந்து திரும்பும் நாய்க்கு அங்கும் சோதனைகள் உண்டு.

இரண்டு வார இன்பத்துக்காக, விமானத்தின் சரக்கறையில் ஒரு பயணமும் கூண்டுக்குள் தனிமையும் மணிக்குக் கொடுப்பது அன்பாகாது என்பது என் கருத்து. அந்த ஏரியின் அழகு மணிக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் தன் மனிதர்களும் தன் மூலையும் தன் நடைநேரமும்தான். உடன் அழைத்துச் செல்ல விரும்புவது நம் ஆசை. அதன் தேவை என்ன என்று கேட்பதுதான் பொறுப்பு.

மலையும் ஏரியும் வேண்டுமென்றால் ஒரு வழி சொல்கிறேன். 1966இல் தொடங்கிய கிழக்குக் கரை நிலமீட்புக்காக பிடோக், சிக்லாப் பக்கத்துக் குன்றுகளை வெட்டி எடுத்த மண்ணைத்தான் கடலில் கொட்டினார்கள். காத்தோங் கடற்கரை விலகிப்போனது அப்படித்தான். பிடோக்கில் மணல் எடுத்த பள்ளம் ஒன்று 1986இல் நீர்த்தேக்கமாயிற்று. அதன் சுற்றுப்பாதை 4.3 கிலோமீட்டர், கொடைக்கானல் ஏரியைவிடச் சற்றே குறைவு. கயிற்றுடன் நாயை நடத்திச் செல்லலாம். காத்தோங் பூங்காவில் நாய்கள் கட்டின்றி ஓட வேலியிட்ட இடமும் இருக்கிறது. புக்கித் தீமா போன்ற இயற்கை வனப்பகுதிகளுக்குள் மட்டும் செல்லப்பிராணிகளைக் கொண்டு செல்லக் கூடாது. குடும்பம் ஊருக்குப் புறப்படுமுன் ஒரு நாளை மணிக்கென ஒதுக்குங்கள். அதுவே அதன் சுற்றுலா.

அதன்பின் வரும் நாட்களுக்கு என்ன செய்வது? விமானச்சீட்டு வாங்குமுன்பே இதைப் பேசிவிட வேண்டும். உறவினரோ அண்டைவீட்டாரோ பார்த்துக்கொள்வதாக இருந்தால், ஒரு வாரயிறுதி முன்னதாகவே அங்கே தங்கவைத்துப் பாருங்கள். பணம் கட்டி விடும் காப்பகம் என்றால் நேரில் சென்று பாருங்கள். உரிமம் உள்ளதா, இரவில் ஆள் இருப்பாரா, நோய் வந்தால் எந்த மருத்துவரிடம் கொண்டுபோவார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். "உள்ளே பார்க்க அனுமதியில்லை" என்று சொல்லும் இடத்தில் விடாதீர்கள்.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்லிவிடுகிறேன். தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றதற்குப் பரிசாக நாய்க்குட்டி வாங்கித் தருவதாகச் சில பெற்றோர் பிள்ளைகளிடம் சொல்கிறார்கள். நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள், சிலவேளை அதற்கு மேலும் வாழும். ஜூனில் நான்கு வாரமும் ஆண்டிறுதியில் ஆறு வாரமும் நமக்கு விடுமுறை. பாட்டி தாத்தாவைப் பார்க்கப் பெரும்பாலும் ஊருக்குப் போகிறோம். 'டிசம்பரில் யார் பார்த்துக்கொள்வார்?' என்ற ஒரு கேள்விக்கு விடை இல்லாத வீட்டில் நாய் வளர்க்கத் தொடங்கக் கூடாது. உயிரைப் பரிசுப்பொருளாகக் கொடுக்கும்போது, வேண்டாதபோது ஓரமாக வைத்துவிடலாம் என்ற பாடத்தையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறோம்.

அந்த மாணவியிடம் இன்னொரு எழுத்துப்பணி கொடுத்தேன். மணியைப் பார்த்துக்கொள்ளப் போகிறவருக்கு ஒரு கடிதம். எப்போது உணவு, எவ்வளவு, இடி இடித்தால் எங்கே போய் ஒளியும், எந்தச் சொல்லுக்கு வாலாட்டும் என்று இரண்டு பக்கங்கள் எழுதி வந்தாள். பிழைகள் வழக்கத்தைவிடக் குறைவு. அவளுடைய சிற்றன்னை அதை வாங்கிப் படித்துவிட்டு, தானே மணியைப் பார்த்துக்கொள்வதாக ஏற்றுக்கொண்டாராம்.

"நானும் போகமாட்டேன்" என்ற வரியை நான் திருத்தவில்லை. அதில் பிழை ஏதுமில்லை. பயணத்திட்டம் போடும் பெரியவர்கள் அந்த வரியிலிருந்து தொடங்கினால் நல்லது என்று எண்ணுகிறேன்.