கன்னியம்மாவுக்கு எந்தக் கட்டம்?

2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கைப் புரட்டிப் பாருங்கள். புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் பழங்குடி மக்கள் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை! மண்ணாடிப்பட்டுக் கொம்யூனில் ஏரிக்கரையிலும் வாய்க்கால் புறம்போக்கிலும் குடிசை போட்டு, கரும்பும் சவுக்கும் வெட்டி, சூளையில் செங்கல் அறுத்து வயிறு கழுவும் இருளர்கள் ஆகாயத்திலிருந்தா குதித்தார்கள்? சர்க்காரிடம் பட்டியல் இல்லை. ஆகவே மனிதர்களும் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சு ஏகாதிபத்தியம் புதுவையின் நிர்வாகத்தைக் கைவிட்டது. வில்லி, வேட்டைக்காரன் என்ற பெயர்களையும் சேர்த்து இருளரைப் பழங்குடி என ஏற்கும் ஜனாதிபதி உத்தரவு 2016 டிசம்பரில்தான் வந்தது. நடுவில் 62 ஆண்டுகள்! அப்போதும் காட்டுநாயக்கர், மலைக்குறவர், எருகுலர், குருமன் மக்கள் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாகக் கொண்ட கணக்கெடுப்பில்தான் புதுவைப் பழங்குடியினர் முதல் முறையாகப் பழங்குடியினராக எண்ணப்பட வேண்டும். அதே கணக்கெடுப்பில் இன்னொரு கேள்வியும் உண்டு: உன் மதம் என்ன?

எளிய கேள்வி போலத் தோன்றும். மாசி மகத்தன்று கடற்கரைக்குப் போனவர்களுக்கு அது எவ்வளவு சிக்கலான கேள்வி என்பது தெரியும். அன்று புதுவையில் வைத்திக்குப்பம் கடலுக்கு மயிலம் முருகன் முதலான ஊர்ச் சாமிகள் அலங்கார வாகனத்தில் தீர்த்தவாரிக்கு வருகின்றன. மேளம், பந்தல், போலீஸ் பந்தோபஸ்து எல்லாம் உண்டு. அதே பௌர்ணமி இரவில் மாமல்லபுரம் மணலில் வேறொரு கூட்டம். வட தமிழகத்திலிருந்தும் புதுவைப் பகுதியிலிருந்தும் இருளர் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வந்து, பழம்புடவையைக் கழியில் கட்டி நிழல் செய்து தங்குகின்றன. மணலைக் குவித்து ஏழு படி அமைக்கிறார்கள். ஏழு கன்னிமாருக்குப் பூ, பொரி, பழம், விளக்கு. கன்னியம்மா கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டாளாம். பிள்ளைகள் வந்து அழைத்தால் கரையேறுவாளாம். பூசாரிமீது அருள் வந்து குறி சொல்கிறார். பொழுது விடியும் நேரத்தில் அம்மன் முன்னிலையிலேயே தாலி கட்டு, முடி எடுப்பு, காது குத்து. தட்சணை வாங்கும் ஐயர் அங்கே இல்லை. வெளியே நில் என்று சொல்ல ஒரு கதவும் இல்லை. சம்சாரிகளும் ஆண்டைகளும் கட்டிய கோயில்களில் எந்த ஜனங்களை வாசலில் நிறுத்தினார்களோ, அந்த ஜனங்களின் சாமி திறந்த மணலில் இருப்பதில் ஆச்சரியம் என்ன?

இனி சர்க்காரின் இரட்டை நாக்கைப் பாருங்கள். ஒரு வகுப்பாரைப் பழங்குடி என்று ஏற்க 1965-ஆம் ஆண்டு லோகூர் கமிட்டி சொன்ன அடையாளங்களில் ஒன்று தனித்த பண்பாடு. அதாவது ஏழு கன்னிமாரையும் குலவழக்கத்தையும் காட்டு, பழங்குடி என்று நம்புகிறேன் என்கிறது சர்க்கார். சாதிச் சான்றிதழ் கேட்டு வரும் இருளனைப் பார்த்து, "மலையில் இல்லாமல் சமவெளியில் இருக்கிறாயே, நீ எப்படிப் பழங்குடி?" என்று கேட்கும் புத்தி நமது ஆபீசுகளில் இன்னும் சாகவில்லை. சரி, எல்லாவற்றையும் காட்டிச் சான்றிதழ் வாங்கினான் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் கணக்கெடுப்பாளர் வருகிறார். தனித்த சமயம் என்று எதுவும் அங்கே இல்லை. சான்றிதழுக்கு வேண்டியிருந்த கன்னியம்மாவைக் கணக்கில் காணோம்!

முன்பு இப்படி இல்லை. வெள்ளைக்காரன் ஆண்ட இந்தியாவில் 1901, 1911, 1921 கணக்குகளில் 'ஆவி வழிபாட்டினர்' என்று போட்டார்கள். ஏளனமான பெயர்தான். 1931-இல் 'பழங்குடிச் சமயம்' என்று மாற்றினார்கள். சுதந்திர இந்தியா 1951-இல் அந்தத் தனித் தலைப்பை எடுத்துவிட்டது. 2011 கணக்கில் ஆறு மதங்களுக்கு எண் உண்டு. மற்றதைப் பெயராக எழுதிக்கொள்ளலாம். அந்தச் சிறு சந்தில் நுழைந்துதான் சுமார் 49 லட்சம் பேர் 'சர்னா' என்று எழுதவைத்தார்கள். பெரும்பாலோர் ஜார்க்கண்டையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த ஆதிவாசிகள்; சால மரத் தோப்பே அவர்களுக்குக் கோயில். தனிக் கட்டம் வேண்டுமென்று ஜார்க்கண்ட் சட்டசபை 2020 நவம்பர் 11-இல் தீர்மானமே போட்டது.

இது சிலருக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஆதிவாசிகள் 'பின்தங்கிய இந்துக்கள்' என்று 1943-லேயே பேராசிரியர் குர்யே எழுதினார். 1952-இல் ஜஷ்பூரில் வனவாசி கல்யாண் ஆசிரமம் தோன்றியது. 'ஆதிவாசி' என்றால் மண்ணின் முதல் குடி என்று பொருள்படுகிறது. 'வனவாசி' என்றால் காட்டில் இருப்பவன், அவ்வளவுதான். சொல்லை மாற்றியதன் சூட்சுமம் இதுவே. இப்போது இந்தக் கூட்டத்தார், கிறிஸ்தவரான பழங்குடியினரைப் பட்டியலிலிருந்து நீக்கு என்று கிளர்ச்சி செய்கிறார்கள். அரசியல் சட்டத்தின் 342-ஆவது பிரிவில் மத நிபந்தனை எதுவும் கிடையாது. பழங்குடி எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், ஒரு சாமியையும் கும்பிடாவிட்டாலும் பழங்குடிதான். சட்டம் தெளிவாக இருக்கும் இடத்தில் கலகம் எதற்கு? ஒரே சேரியில் ஏழு கன்னிமாரைக் கும்பிடுகிறவனும் ஜெபக்கூட்டத்துக்குப் போகிறவனும் ஒன்றுசேர்ந்து பட்டா கேட்டுவிடக் கூடாதே என்பதற்குத்தான்.

"கடவுளை நம்பாத கம்யூனிஸ்டுகளுக்குக் கன்னியம்மா வக்காலத்து எதற்கு?" என்று நண்பர்கள் கேலி செய்யலாம். செய்யட்டும். வயலில் எலி வளை தோண்டி நெல் எடுத்தவன், புற்றைக் கண்டால் கையெடுக்கிறான். அவன் கைவிட்ட வளையில் எலியும் இருக்கலாம், நாகமும் இருக்கலாம். அவன் பயமும் பக்தியும் அவன் உழைப்பிலிருந்து முளைத்தவை. அந்த உழைப்பு மாறாமல் நம்பிக்கையை மட்டும் மேடையில் நின்று நையாண்டி செய்வது பகுத்தறிவாகாது.

அதற்காக எல்லாவற்றையும் புனிதம் என்று போற்றவும் நாம் தயாரில்லை. பாம்பு கடித்தவனை மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு ஓடி உயிரை விடுவது எந்த ஜாதியிலும் மடமைதான். மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்தை எடுத்துத் தருகிறது. நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு அதுவே பெரிய ஆதாரம். வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கு 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். விருது சரி. அவர்கள் கையால் பிறந்த அந்த மருந்து மண்ணாடிப்பட்டு இருளர் குடிசைக்கு நடுராத்திரியில் எட்டுகிறதா? மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் மந்திரவாதியிடம் ஓட வேண்டிய தேவை தானே குறையும்.

சாமி நம்பிக்கை நிலத்தைக் காத்த கதையும் உண்டு. ஒரிசாவின் நியம்கிரி மலையில் வேதாந்தா கம்பெனிக்காக பாக்சைட் வெட்டப் பார்த்தார்கள். மலை எங்கள் நியமராஜா என்றார்கள் டோங்ரியா கோந்து மக்கள். 2013 ஏப்ரல் 18-இல் சுப்ரீம் கோர்ட், அவர்களுடைய வழிபாட்டு உரிமையைப் பற்றிக் கிராம சபைகளே ஆராய்ந்து முடிவெடுக்கட்டும் என்றது. 12 கிராமங்கள் கூடின. 12-உம் கம்பெனிக்கு இடமில்லை என்றன. 2014 ஜனவரியில் மத்திய சர்க்கார் அனுமதியை மறுத்தது.

மண்ணாடிப்பட்டு இருளனுக்கு அந்தக் கருவியும் இல்லை. புதுவையில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி கிடையாது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தைக் காட்டக் காடு கிடையாது. 2006-இல் தேர்ந்தெடுத்த கொம்யூன் பஞ்சாயத்துகளின் காலம் 2011-இல் முடிந்த பிறகு பத்தாண்டுகளுக்கு மேல் தேர்தலே நடத்தாமல் ஓட்டினார்கள். புறம்போக்கில் நட்ட ஏழு கல்லை நாளைக்கு யாராவது பிடுங்கி எறிந்தால் அவன் எந்தச் சபையில் போய் முறையிடுவது? குடிசையோடு கல்லும் போகும், செத்தவர்களைப் புதைத்த இடமும் போகும்.

ஆகவே கொம்யூன் தோழர்களுக்குச் சொல்கிறோம். கணக்கெடுப்பாளர் இம்முறை கைப்பேசியோடு வருவார். இருளர் குடியிருப்பு எதுவும் விடுபடாமல் அவரை அழைத்துச் செல்லுங்கள். பழங்குடி என்ற பதிவு விழுந்ததா என்று பாருங்கள். மதம் என்ன என்பதற்கு வீட்டுக்காரர் வாயால் சொன்னதையே பதியச் செய்யுங்கள். இந்து என்று சொல்கிறவர் உண்டு, கிறிஸ்தவர் என்று சொல்கிறவர் உண்டு; அது அவர்கள் உரிமை, நாம் குறுக்கே நிற்கக் கூடாது. கன்னியம்மா என்று ஒருவர் சொன்னால் அதுவும் அப்படியே ஏற வேண்டும். கேட்காமலே ஒரு எண்ணைத் தட்டிவிட்டுப் போக விடாதீர்கள். மனைப்பட்டா கேட்டுத் தரும் மனுவில் குடிசை நிற்கும் இடத்தோடு கன்னிமார் கல் இருக்கும் இடத்தையும் இடுகாட்டையும் அளந்து எழுதுங்கள். கொம்யூனின் அரசு மருத்துவமனைகளில் விஷமுறிவு மருந்து இரவும் பகலும் இருப்பில் உண்டா என்று நேரில் போய்க் கேளுங்கள். 2016-இல் வெளியே நிறுத்தப்பட்ட காட்டுநாயக்கர், மலைக்குறவர், எருகுலர், குருமன் மக்களையும் இந்த மனுக்களில் கையெழுத்திட அழையுங்கள். பட்டியலில் அவர்கள் பெயர் ஏறாமல் இந்தக் கணக்கு முடிந்தால், சர்க்காரின் ஏட்டில் அடுத்த கணக்கு வரைக்கும் அவர்கள் பழங்குடியாக இருக்க மாட்டார்கள்.